நவம்பரில் மிளகு

சேலம், விடுதி
7 ஜூலை 2024

அன்பு அம்மா,

நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன். இந்த இரண்டையும் முதல் வரியிலேயே எழுதாவிட்டால் மீதியைப் படிக்காமலே நீ அழ ஆரம்பித்துவிடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நாம் பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? இங்கே வார்டன் மேடம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அங்கே நீ எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி மாமா வாசலில், அவருடைய போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். கொட்டச்சேட்டிலேயே அந்த ஒரு வாசலில்தான் டவர் கிடைக்கும் என்றால் என்ன செய்வது? இனிமேல் கடிதம்தான்.

பள்ளிக்கூடம் ஊருக்கு வெளியே, பைபாஸைத் தாண்டி இருக்கிறது. அரசுப் பள்ளி என்றால் நம்பமாட்டாய். நானூறு மீட்டர் ஓடுகளம், மாடியில் ஆய்வுக்கூடம் எல்லாம் உண்டு. நுழைவுத் தேர்வு எழுதி வந்தவர்கள் அறிவியல் பிரிவு. என்னைப் போல ஓடி வந்தவர்கள் விளையாட்டுப் பிரிவு. காலை ஐந்தரைக்கு மைதானம். ஆனால் மாலையில் எங்கள் எல்லோருக்கும் ஒரே சிறப்புக் கணக்கு வகுப்பு. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்கு டீச்சர் வேறெங்கும் கிடைக்கமாட்டார். அதற்காகத்தான் காலையில் ஓடுகிறேன் என்று வைத்துக்கொள். போட்டிகளில் ஓடாதவர்களுக்கு விளையாட்டுப் பிரிவில் இடமில்லை, விடுதியும் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் கோச் சின்னராஜ் சார் நல்ல மனிதர். "மலப் புள்ளைங்களுக்கு நுரையீரல் மூணு இருக்குது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் கட்டில் ரம்யா. ஏற்காடு டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் சேகர் அண்ணனின் மகள்.

இதோடு மருத்துவப் படிவம் வைத்திருக்கிறேன். எல்லாம் நானே நிரப்பிவிட்டேன், நீ கையெழுத்து மட்டும் போடு. ஒன்பதாவது கேள்விக்கு, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்தார்களா என்பதற்கு, இல்லை என்று எழுதியிருக்கிறேன். அப்பா மிளகு ஏணியிலிருந்து விழுந்தது விபத்துதானே. அதற்கு வேறு கட்டம் இருக்கிறது.

குட்டித் தங்கை ஷெர்லினுக்கு முத்தம். போன வாரம் ஓடும்போது ஒரு தரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இட்லி சாப்பிடாமல் போனதால்தான். பயப்படாதே.

பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
13 ஜூலை

என் கண்ணு பிரிஸ்கில்லாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் ஷெர்லினும் சுகம். படிவத்தில் கையெழுத்துப் போட்டு இதனுள் வைத்திருக்கிறேன். டவுன் தபால் பெட்டியில் போடச் சொல்லி ஒன்பதரை பஸ் கண்டக்டர் வேலுசாமியிடம் கொடுக்கப் போகிறேன். நான் கொடுக்கப் போகிறேன் என்பது பேச்சுக்கு. உன் தங்கைதான் ஓடுவாள். பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கல் படி எல்லாம் தாண்டி ஓடி, பஸ்ஸுக்கு முன்னால் போய் நிற்கிறாள். "உங்க ஊட்டுல எல்லாத்துக்கும் காலுல மோட்டார் வெச்சிருக்குதாங்க" என்று வேலுசாமி கேட்கிறார். ஒன்பது வயதுக்கு என்ன வேகம்.

நீ கடைசியில் எழுதிய இரண்டு வரியை நான் பத்துத் தடவை படித்துவிட்டேன். எப்படி இருட்டியது? ஓடிக்கொண்டிருக்கும்போதா, நின்ற பிறகா? நெஞ்சில் ஏதாவது செய்ததா? கீழே விழுந்தாயா? மறைக்காமல் எழுது.

இன்னொன்று. கால் வலி என்று சாரிடம் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் உட்கார்ந்திரு. இந்த ஒரு பொய்யைக் கர்த்தர் மன்னிப்பார்.

அம்மா

*

சேலம், விடுதி
4 ஆகஸ்ட்

அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பதில் எழுத மனம் வரவில்லை. கோபம்தான். கால் வலி என்று உட்காரு என்கிறாய். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்து உன்னோடு கூடை கட்டிக்கொண்டு காப்பிப் பழம் எடுக்க வேண்டும். அதுதான் உனக்கு வேண்டுமா? நேராகவே கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்போது நீ கேட்டவை. ஓடும்போதுதான் இருட்டுகிறது. கடைசிச் சுற்றில். முதலில் சத்தமெல்லாம் தூரமாகப் போகிறது. சார் விசில் ஊதுவது அடுத்த ஊரில் ஊதுவதாகக் கேட்கிறது. பிறகு நெஞ்சு இரண்டு மூன்று தடவை தப்பித் தப்பி அடிக்கிறது. பிறகு இருட்டு. வியாழக்கிழமை விழுந்துவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்பதால் சார் பார்க்கவில்லை. ரம்யாதான் முகத்தில் தண்ணீர் அடித்தாள். "ஏய், உன் ஒதடு நீலமா போயிருச்சு, நான் மேடத்துகிட்ட சொல்றேன்" என்று அழுதாள். சொன்னால் என் படிப்பு போய்விடும் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அம்மா. ஆனால் வகுப்பில் போன மாதத் தேர்வில் கணக்கில் நான்தான் முதல். அறிவியல் பிரிவுப் பிள்ளைகளையும் சேர்த்து. அதை விட்டுவிட்டு எப்படி வருவேன்?

நெஞ்சில் ஏதாவது செய்ததா என்று நீ எதற்குக் கேட்டாய்? நான் நெஞ்சைப் பற்றி எழுதவே இல்லையே.

பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
12 ஆகஸ்ட்

கண்ணு,

கூடை கட்ட வைக்கவா உன்னை அனுப்பினேன்? நீ எழுதிய அந்த வரியை மட்டும் மறந்துவிடப் பார்க்கிறேன்.

ஏன் கேட்டேன் என்றால், உன் அப்பாவும் இப்படிச் சொன்னார். சாவதற்கு முந்தின வருடத்தில் மூன்று தடவை. மூட்டை தூக்கி ஏறி வரும்போது, "சத்தமெல்லாம் தூரமாப் போவுது அற்புதம்" என்று என் பெயரைக் கூப்பிட்டுச் சொல்வார். உன் கடிதத்தில் அதே வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஏணியில் நிற்கும்போது அப்படி வந்துதான் விழுந்திருப்பார் என்று நினைக்கிறேன். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்காதே.

ஓடாதே. கும்பிட்டுக் கேட்கிறேன். போனில் சொல்ல முடியாமல்தான் ஞாயிற்றுக்கிழமை அழுதேன். தேவசிகாமணி அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். போனை வாங்கிக்கொண்டு, "பழசு ஒண்ணும் கிண்டாதீங்க. இந்த ஊடு நெலைக்கணும்னா வாயத் தொறக்காம இருங்க" என்றார். அவரும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

டாக்டரிடம் போ. படிக்கிற இடத்தில் ஒருவர் இருப்பாரே. அப்பா சமாச்சாரம் மட்டும் இழுக்காதே. உனக்கு இருப்பதை மட்டும் சொல்.

அம்மா

*

சேலம், விடுதி
22 செப்டம்பர்

அம்மா,

மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தேன். கோடு தாண்டியதும் விழுந்தேன். எல்லோரும் களைப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எனக்குக் கண் திறந்தபோது சின்னராஜ் சார் என்னைத் தூக்கி நிறுத்தி, "மண்டலத்துலயும் இப்படித்தான் உசிரக் குடுத்து ஓடணும் சாமி" என்றார். மண்டலப் போட்டி அக்டோபர் பதினெட்டு.

போட்டிக்குப் பிறகு பள்ளி டாக்டரிடம் போனேன். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வியில் விரல் வைத்து, "உறுதியா இல்லையா? அப்பா எப்படி இறந்தார்?" என்று கேட்டார். மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து என்றேன். எந்த வருடம் என்றார். 2016, நவம்பர் பதினெட்டு என்றேன். ரத்தம் குறைவாக இருக்கும் என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

விடுதிக்கு வந்து வாசல் படியில் உட்கார்ந்தேன். நான் சொன்னது எனக்கே காதில் விழுந்தது. நவம்பர். மிளகு.

அம்மா, நான் எஸ்டேட்டில் பிறந்தவள். தை பிறந்து மாசியில்தான் மிளகு பழுக்கும். நவம்பரில் கொடியில் பச்சை மணிதான் தொங்கும். ஏணி எல்லாம் ஷெட்டில் அடுக்கிக் கிடக்கும். காப்பிப் பழம் எடுக்க ஆள் போதாமல் எல்லோரும் தவிக்கிற மாதத்தில் அப்பா ஏணி போட்டு எந்த மரத்தில் எந்த மிளகைப் பறித்தார்? டாக்டருக்கு இது தெரியாது. சென்னையில் இருக்கிற முதலாளிக்கும் தெரிந்திருக்காது. எட்டு வயதில் எனக்கும் தோன்றவில்லை. ஆனால் கொட்டச்சேட்டில் எல்லோருக்கும் தெரியும், இல்லையா? கல்லறைக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும். நான் ஒருத்திதான் எட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்ன நடந்தது என்று நீ சொல்லாவிட்டால் நான் ஓடுவேன். மிரட்டவில்லை. காரணம் இல்லாமல் நின்றால் என்னை அனுப்பிவிடுவார்கள். நிற்பதற்கு ஒரு காரணம் கொடு.

பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
16 அக்டோபர்

என் மகளுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆயிற்று. நான்கு தடவை எழுதி நான்கையும் அடுப்பில் போட்டேன். என்னை மன்னி. முந்தாநாள் தேவசிகாமணி அண்ணன் வாசலுக்குப் போகாமல், எப்போதாவது டவர் எட்டும் சர்ச் மேட்டில் ஏறி நின்று, பாஸ்டர் அம்மாவின் போனை வாங்கி உன் பள்ளிக்கூடத்துக்குப் பேசினேன். பிள்ளைக்குக் கால் வலி, ஓட விடாதீங்க என்றேன். உன் சார், "காலு நல்லாத்தான் இருக்குதுங்கம்மா. புள்ளய முன்னேற விடுங்க" என்று வைத்துவிட்டார். பொய்யைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நேற்று முழுக்க அதே மேட்டில் மழையில் நின்றேன். டவரும் இல்லை, கரண்டும் இல்லை. மலை ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது.

இனி உள்ளதைச் சொல்கிறேன்.

அன்றைக்கு மழை இல்லாத நாள். பழம் எடுத்து முடித்து எடை போடும் நேரம். நாலு மணிக்கு எடையை மூடிவிடுவார்கள். உன் அப்பா கடைசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டில் ஓடி வந்தார். சிரித்துக்கொண்டே ஓடி வந்தார். மூட்டையை இறக்கினார். என்னைப் பார்த்து, "அற்புதம், இருட்டிக்கிட்டு வருது" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியே உட்கார்ந்தார். சாய்ந்தார். முப்பத்து நாலு வயது. நான் மடியில் போட்டுக்கொண்டு கூப்பிட்டேன், கூப்பிட்டேன்.

தேவசிகாமணி அண்ணன் ஓடி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "சும்மா செத்தாருன்னா எஸ்டேட்டுல ஒண்ணும் கெடையாதுங்க. அடுத்த மாசம் லைன் ஊட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. மரத்துல இருந்து உழுந்தாருன்னா உங்களுக்கு வேலையும் ஊடும் நிக்கும். புள்ளைங்களப் பாருங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் தங்கை அப்போது கைக்குழந்தை. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தாய். அவசரத்தில் அவர் வாயில் மிளகு என்று வந்துவிட்டது, அப்படியே எழுதிவிட்டார். மாதத்தை யாரும் பார்க்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டரும் கையெழுத்துப் போட்டார்.

ஷெட்டுக்குப் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்று கேட்பாய். நான்தான். அவர் மேல் சூடு ஆறுவதற்குள் நானே கொண்டு வந்து பக்கத்தில் போட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ஜெபத்தில்கூடச் சொன்னதில்லை.

இன்னும் ஒன்று. உன் சித்தப்பா ஜாபெஸ். நீ பிறப்பதற்கு முன்னால், பத்தொன்பது வயதில், குப்பனூர் ரோட்டில் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது விழுந்து செத்தான். எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஓடும்போதே போனார்கள் என்று எனக்குத் தோன்றியதே உன் முதல் கடிதம் வந்த அன்றைக்குத்தான். தெரிந்தும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். வீடு போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு உன்னையே கொடுக்கப் பார்த்தேன் சாமி.

நீ காரணம் கேட்டாய். இதுதான். இதே கடிதத்தை உன் சாரிடம் கொடு, டாக்டரிடம் கொடு, யார் கேட்டாலும் கொடு. என் பெயரைக் கீழே முழுசாக எழுதியிருக்கிறேன்.

ரம்யாவின் அப்பா சரக்கு எடுக்க நாளை குப்பனூர் சுற்று வழியாக வண்டியில் இறங்குகிறாராம். இதைக் கொடுக்க இப்போது டவுனுக்கு நடந்தே கிளம்புகிறேன். ரோடு திறந்ததும் நானும் வருகிறேன். இது உன் கைக்கு வருவதற்குள் நீ ஓடிவிடக் கூடாது. அதைத் தவிர எனக்கு வேறு ஜெபம் இல்லை.

ஜே. அற்புதம்

*

சேலம், விடுதி
27 அக்டோபர்

அம்மா,

நீ ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஆனால் நாம் பேசவே இல்லை. நீ என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாய். எனக்கும் வாய் வரவில்லை. எழுதினால்தான் வருகிறது.

பதினெட்டாம் தேதி காலை மைதானத்தில் சட்டையில் எண் குத்திக்கொண்டு நின்றேன். 114. பயம்தான். ஆனாலும் ஓடத்தான் போயிருப்பேன். பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது ரம்யா வேலியோரம் ஓடி வந்தாள், பின்னால் நனைந்த சட்டையோடு சேகர் அண்ணன். முந்தின நாள் மலையிலேயே வண்டி நின்றுபோய் ராத்திரி குப்பனூரில் தங்கினாராம். "உங்கம்மா நடந்து வந்து குடுத்துச்சு கண்ணு. படிக்காம ஓடக் கூடாதுன்னு சொல்லச் சொல்லுச்சு" என்றார்.

முதல் பக்கம் முடிப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. சார் கத்திக்கொண்டே வந்தார். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். நின்றபடியே கடைசி வரை படித்தார். பிறகு என் சட்டையிலிருந்து எண்ணை அவரே கழற்றினார். நான்கு ஊசியையும் ஒவ்வொன்றாக எடுத்தார். "மாவட்டப் போட்டியில உழுந்தப்ப நான் கைதட்டினேனே கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ, நீ அழுதுகொண்டிருந்தாய். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது. மாத்திரை சாப்பிட வேண்டும். நடக்கலாம், படிக்கலாம், வாழலாம். இனி எப்போதும் ஓடக் கூடாது. தலைமை ஆசிரியை அறிவியல் பிரிவுக்கு ஜனவரியில் தேர்வு எழுதச் சொல்லியிருக்கிறார். அதுவரை விடுதியில் இருக்கலாம். அந்தத் தேர்வைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

எனக்கு வேறு பயம். நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் கேட்டார், "கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா?" இது அப்பா வழியில் பிள்ளைகளுக்கு வரக்கூடியதாம். எல்லோருக்கும் வர வேண்டும் என்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் பார்த்தே ஆக வேண்டுமாம். இருக்கிறாள், ஒன்பது வயது என்றேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கல் படி நினைவுக்கு வந்தது. ஒன்பதரை பஸ் வளைவில் திரும்பும் சத்தம்.

நீ பஸ்ஸில் அனுப்பிய ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள் ஓடியிருக்கிறாள் அம்மா. ஓடாதே, ஓடாதே என்று நீ எனக்கு எழுதியதை எடுத்துக்கொண்டு அவள் ஓடியிருக்கிறாள்.

நவம்பர் நாலாம் தேதி இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்க அவள் பெயரை எழுதி வைத்துவிட்டேன். கூட்டிக்கொண்டு வா. அதுவரை அவளை நடக்க மட்டும் விடு. இதற்குப் பதில் எழுதினால் அவள் கையில் கொடுக்காதே.

பிரிஸ்கில்லா

*

கொட்டச்சேடு
31 அக்டோபர்

கண்ணு,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பயந்துபோய் இருக்கிறோம், ஆனால் இருக்கிறோம்.

மானேஜரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஏணி தூக்கியதையும் சொன்னேன். தேவசிகாமணி அண்ணன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "எழுதுனது நானுங்க" என்று அவரும் சொன்னார். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மானேஜர் சொல்லியிருக்கிறார். வீடு இருந்தாலும் சரி, போனாலும் சரி, நாலாம் தேதி இரண்டு பேரும் அங்கே இருப்போம்.

உன் தங்கையிடம் இனி ஓடக் கூடாது என்றேன். "நான் என்ன தப்புப் பண்ணுனேன்" என்று கேட்டு அழுதாள். தெருவில் அவள் விளையாடினால் எண்ணிக்கொண்டே நிற்கிறேன். தூங்கும்போது மூக்கில் கை வைத்துப் பார்க்கிறேன்.

மேலே எழுதியதை முடித்துக் காலையிலேயே கவரில் போட்டுவிட்டேன். இப்போது பிரித்து இந்த நாலு வரியைச் சேர்க்கிறேன். வளைவில் சத்தம் கேட்டதும் அவள் எழுந்தாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் கல் படியில் ஒவ்வொன்றாக இறங்கி நடந்தோம். வேலுசாமி ஹாரன் அடித்துப் பார்த்தார், கொஞ்சம் நின்றும் பார்த்தார். பிறகு கிளம்பிவிட்டார். கையை விடும்மா, பிடித்துவிடலாம் என்று இழுத்தாள். நான் விடவில்லை.

பஸ் போய்விட்டது கண்ணு. இது அடுத்த பஸ்ஸில் வருகிறது.

அம்மா